மச்சானின் முப்பத்தோரு தவறுகள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று முதல் இந்த நோட்டு. அட்டையில் ‘பாதுகாப்புப் பதிவேடு’ என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருக்கிறேன்: மு. வேலாயுதசாமி. இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் இருபத்தைந்து வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவன் நான். என் கண் முன்னால் ஒரு பட்டறை இந்த லட்சணத்தில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சரவணம்பட்டியில் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஷெட். அக்கா வீட்டுக்காரர் தண்டபாணி மச்சானுடையது. அதில் அவருடைய பெஞ்ச் கிரைண்டர் ஒன்று, இரும்பைத் தீட்டும் எட்டங்குலச் சுழல் கல் மாட்டியது. பக்கத்தில் என்னுடைய பெல்ட் கிரைண்டர், கல்லுக்குப் பதிலாக உப்புத்தாள் பட்டை ஓடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் சமையலறைக் கத்தி செய்கிறோம். விற்பதற்கு அல்ல, ஆசைக்கு. செய்ததைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்போம். அவர் செய்ததைக் கேட்டு வாங்குகிறார்கள். நான் செய்ததை, கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள்.

இன்று அவர் செய்த தவறுகள்:

எண் 1. கண்ணாடி போடவில்லை.

எண் 2. கல்லை மூடியிருக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். நீளக் கத்தி அதில் இடிக்கிறதாம்.

எண் 3. நூல் கையுறையோடு கல்லிடம் போகிறார். நூல் ஒன்று மாட்டினால் போதும், கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

இந்த ஆளுக்கு இருப்பது ஒரே கண். இடது கண் 1998-இல் போய்விட்டது. அதைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பத்து விதிகள் எழுதி, லேமினேட் செய்து, அவருடைய கிரைண்டருக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டினேன். மச்சான் கைகட்டி நின்று, ரேடியோச் செய்தி மாதிரி உரக்க வாசித்தார்.

“விதி ஒன்று. கண்ணாடி போடு. விதி இரண்டு. தகடு இல்லாமல் ஓட்டாதே. விதி மூன்று. கீழே விழுந்த கல்லை மாட்டாதே. தட்டிப் பார், ஓசை சரியில்லை என்றால் தூக்கிப் போடு. விதி நாலு. கல்லைக் கழற்றி மாட்டினால், ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் தள்ளி நில்.” அதோடு நிறுத்தி என்னைப் பார்த்தார். “தள்ளி நின்னு என்னங்க மாப்ள பண்றது? சாமி கும்பிடறதா?”

“கல்லு உடையறதா இருந்தா அந்த ஒரு நிமிசத்துலதான் மச்சான் உடையும்.”

“நாப்பது வருசமா உடையலீங்களே.”

“உடையற வரைக்கும் எல்லாருக்கும் அப்படித்தான்.”

சிரித்துக்கொண்டே போய் வேலையைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை மட்டும் தனியாக ஒரு தவறாக எழுதலாம். எழுதவில்லை. எண் 4 முதல் 8 வரை: கண்ணாடி, தகடு, கையுறை, தோளில் தொங்கும் துண்டு, ஓடும் கல்லின் பக்கவாட்டில் வைத்துத் தீட்டுவது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எண் 9 முதல் 13. ரோஸ்வுட் பிடியை மாஸ்க் இல்லாமல் இழைக்கிறார். இருமுகிறார். இருமிக்கொண்டே இழைக்கிறார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அக்கா மோர் கொண்டுவந்தாள். சுவரில் இருந்ததைப் படித்துவிட்டு என்னைத் தனியாக வாழை மரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

“தம்பி, அவருக்கு இருக்கறது ஒரு கண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. நீ பக்கத்துல இருக்கறதுதான் எனக்குத் தைரியம்.”

“நான் பாத்துக்கறேங்க்கா.”

“அன்னைக்கு மாதிரி ஆகிரக் கூடாது. தானே உளியை அடிச்சு, தானே கண்ணைக் கெடுத்துக்கிட்டு வந்து நின்னாரே.”

மோர் புளித்திருந்தது. பாதியில் வைத்துவிட்டேன். எண் 14, 15.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மழை. கரண்ட் இல்லை. இன்று தவறு எதுவும் இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பெல்ட்டில் என் கட்டைவிரல் நகம் பாதி போய்விட்டது. கவனக்குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. கத்தி முனை பெல்ட்டில் இருக்கும் நேரம் பார்த்து, “மாப்ள, காப்பியா டீயா?” என்று கேட்டார். திரும்பினேன். மிஷினில் நிற்பவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது விதி ஒன்பது. ஆகவே எண் 19 என்று அவர் பெயரில் எழுதியிருக்கிறேன்.

கட்டுப் போட்டுவிட்டவரும் அவர்தான். ஒற்றைக் கண்ணைக் கிட்டக் கொண்டுவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நன்றாகத்தான் போட்டுவிட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேனாவை அழுத்தித்தான் எழுதுகிறேன். கோபத்தில்.

என் சித்தப்பா மகன் போன் செய்து, நான் கொடுத்த கத்தி வெண்ணெயாக வெட்டுகிறது என்று புகழ்ந்தான். எனக்கே ஆச்சரியம். நேரில் போய்க் கத்தியை வாங்கிக் கோணம் அளந்தேன். நான் இருபது டிகிரியில் தீட்டுபவன். அது பதினைந்தில் இருந்தது; கோணம் குறைந்தால் கூர் கூடும். கொடுப்பதற்கு முன் யாரோ எடுத்துத் திரும்பத் தீட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ!

ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். “நீங்கதான தீட்டுனீங்க?”

“லேசா ரெண்டு இழுப்புங்க மாப்ள. பேரு உங்களுதுதான.”

யார் கேட்டார்கள்? எனக்காகச் செய்துவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பது. அதைவிட என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். இந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. இன்று நேற்றல்ல, இருபத்தேழு வருடமாகப் பிடிக்கவில்லை. எண் 20 முதல் 24 வரை அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எண் 31-இல் வந்து நிற்கிறது. புதன்கிழமை ஆயுத பூஜை. ஷெட்டைச் சுத்தம் செய்யும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். அவரிடம் விட்டால் ஒட்டடையோடு சேர்த்துச் சந்தனம் வைப்பார்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். அக்கா, “எல்லாத்தையும் நல்லாக் கழுவிருப்பா, ஒரு வருச அழுக்கு” என்றாள். மச்சான், “கல்லை மட்டும் தொடச்சு விடுங்க மாப்ள, போதும்” என்றார். சொன்னவர் அவர் என்பதால் நான் கல்லைக் கழற்றிச் சோப்புப் போட்டே கழுவினேன். பக்கெட்டில் அரைவாசி மூழ்கும்படி நிற்க வைத்திருந்தேன். எடுக்கும்போது கொஞ்சம் நழுவியது. பார்த்தேன், விரிசல் எதுவும் இல்லை. தட்டியும் பார்த்தேன். ஈரக்கல் அப்படித்தான் ஒலிக்கும். மாட்டிவிட்டேன்.

பூஜைக்கு அக்காவின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். மிஷின் எல்லாம் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. எலுமிச்சம்பழம் அறுக்க என் கத்தியை எடுத்துக் கொடுத்தாள் அக்கா. இந்தக் கத்தியை நான் யாரும் தொடாதபடி என் வீட்டிலேயே பூட்டி வைத்திருந்து, பூஜைக்கென்று இன்றுதான் கொண்டுவந்தேன். முழுக்க முழுக்க என்னுடையது. சம்பந்தி அழுத்தினார். பழம் நசுங்கி, விதை அவர் சட்டையில் தெறித்தது.

“இது கத்தியா கரண்டியாங்க?” என்றார் சம்பந்தி. பெண்கள் வரைக்கும் சிரித்துவிட்டார்கள்.

உடனே மச்சான், “அது நான் தீட்டிக் கெடுத்ததுங்க சம்பந்தி. மாப்ள மேல தப்பில்லீங்க” என்றார்.

பொய்! அந்தக் கத்தியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எல்லோரும் போன பிறகு அவரிடம் ஒரு விஷயம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பொரி வாங்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

நாள் நல்ல நாள் என்று காலையில் எல்லோரும் மிஷினை ஓட்டிப் பார்ப்பார்கள். அவரும் ஓட்டுவார்.

ஆறரை மணிக்கு எழுந்தேன். ஒரு ராத்திரியில் கல் காய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அரைவாசி நனைந்த கல், நனைந்த பக்கம் கனமாகத்தான் இருக்கும், ஒரு ராத்திரியில் காயாது, அப்படியே ஓட்டினால் ஆடி உடையும். இது எனக்குத் தெரியும். பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த பாடம் இது. எட்டு மணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. எட்டேகாலுக்கு மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை செய்ய வேண்டியதுதானே? செய்யவில்லை. என்னவென்று சொல்வது? இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது இட்லியில் எழுந்துவிட்டேன்.

கணபதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து சரவணம்பட்டிக்கு ஸ்கூட்டரில் பன்னிரண்டு நிமிடம். கேட்டைத் திறக்கும்போது கிரைண்டர் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. “மச்சான், நிறுத்துங்க!” என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்தது வெடிச் சத்தம்.

மச்சான் ஷெட்டுக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் காப்பி டம்ளர். காது மடலில் ஒரு கீறல், அதில் கொஞ்சம் ரத்தம். அவ்வளவுதான். உள்ளே கல் நாலைந்து துண்டாகப் போயிருந்தது. ஒன்று கூரையைப் பொத்துக்கொண்டு போய்விட்டது. ஒன்று, அவர் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் பின்னால், முக உயரத்தில் சுவரைப் பெயர்த்திருந்தது. நான் அந்தக் குழியில் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு கணு உள்ளே போனது.

அக்கா ஓடிவந்து அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கண்ணு? கண்ணு தெரியுதா?”

“தெரியுது, தெரியுது. விடு.” காது ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். “மாப்ள எழுதி ஒட்டியிருந்தாரில்ல, கல்லை மாட்டுனா ஒரு நிமிசம் தள்ளி நில்லுன்னு. நேத்துக் கழட்டி மாட்டுனதாச்சே, அவரு சொல்றதையும் ஒருநாள் கேட்டுத்தான் பாப்பமேன்னு ஸ்விட்சைப் போட்டுட்டு வெளிய வந்து நின்னேன்.”

அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீ நல்லா இருக்கோணும் சாமி. நீ இல்லீன்னா இன்னைக்கு...” முடிக்க முடியாமல் அழுதாள்.

மதியம் அங்கேயே சாப்பிட்டேன். பாயசம் வைத்தாள். அதையும் குடித்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மச்சான் போன் செய்தார். கல் வாங்கிய கடைக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். உடைந்த துண்டுகளைப் பையில் கொண்டுபோய்க் கல்லாவில் கொட்டி, “விரிசல் விட்ட கல்லை வித்து ஆளைக் கொல்லப் பாக்கறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் பெரியவர், கையெடுத்துக் கும்பிட்டாராம்.

“கத்தி செய்யறவங்க வாட்ஸப் குரூப்ல போடப்போறேங்க மாப்ள. ஒருத்தரும் அங்க போகக் கூடாது. நீங்கதான் விவரமா எழுதிக் குடுக்கோணும். உங்களுக்குத்தான் அந்தக் கணக்கெல்லாம் தெரியும்.”

“எழுதறேங்க” என்றேன்.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கல் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வாங்கிய அன்று தட்டிப் பார்த்தவன் நான். கோவில் மணி போல் ஒலித்தது.

அக்டோபர் 4, சனி

1998 பற்றி எழுதுவதாக இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

அப்பா வீட்டில் வயரிங் வேலை. மச்சான் சுவரில் உளியைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தேன். உளியின் தலை அடி வாங்கி வாங்கிக் காளான் மாதிரி விரிந்திருந்தது. அப்படி விரிந்த உளியை அடிக்கக் கூடாது, ஓரம் தெறிக்கும். எனக்கு அப்போது அது தெரியாது. தெறித்தது. ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டபோது, “நானே பிடிச்சு நானே அடிச்சேனுங்க மாமா” என்றார் மச்சான். அடுத்த வாரம் எனக்கு ஃபவுண்டரியில் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேட்க விடவே இல்லை. அதற்காகத்தான் அவரை எனக்குப் பிடிக்காமல் போனது.

இன்று மாலை போனேன். கூடத்தில் அவரும் அக்காவும் இருந்தார்கள். அக்கா காப்பி கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

“மச்சான், கடைக்காரர் மேல தப்பில்லீங்க. கழுவறப்ப கல்லைக் கீழ போட்டது நான்.”

அவர் டிவியை அணைத்தார். “விழுந்தது தெரியுமா உங்களுக்கு?”

“தெரியுமுங்க. சிமெண்டுத் தரையில நேரா விழுந்துச்சு.”

“தட்டிப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எப்படிக் கேட்டுது?”

“டொக்குன்னு கேட்டுது.”

“அப்பறமும் மாட்டுனீங்க.”

“மாட்டுனேன். சொல்லலாம்னுதான் இருந்தேன். சம்பந்தி சிரிச்சாரு, நீங்க உங்க மேல பழியைப் போட்டுக்கிட்டீங்க... எனக்கு ஆத்திரம். சொல்லாம வந்துட்டேன்.”

தகட்டைக் கழற்றியது நீங்கள்தானே, தகடு இருந்திருந்தால் துண்டு வெளியே வந்திருக்காதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக அக்காவைப் பார்த்து உளியைப் பற்றிச் சொன்னேன். “அதுவும் நாந்தாங்க்கா. அடிச்சது நான்.”

அக்கா திரும்பி மச்சான் முகத்தைப் பார்த்தாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. எழுந்து வந்து, பாதி குடித்திருந்த டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தொட்டியில் காப்பியை ஊற்றுகிற சத்தம் கேட்டது.

மச்சான் டிவி ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு பேசினார்.

“அன்னைக்கு நீ சின்னவன். உனக்குத் தெரியாது. தெரியாமச் செஞ்சதுக்கு ஒருத்தன் பொழப்பு கெடக் கூடாதுன்னு நான் பொய் சொன்னேன். இது அப்படி இல்ல. தெரிஞ்சு மாட்டியிருக்கற. தெரிஞ்சே வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கியிருக்கற. வெளிய போ.”

இருபத்தேழு வருடத்தில் அவர் என்னை ‘நீ’ என்றதில்லை. ஸ்கூட்டரைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். வருத்தம்தான். கூடவே ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரியும் இருந்தது.

எண் 32: கீழே விழுந்த கல்லை மாட்டியது. செய்தவர்: மு. வேலாயுதசாமி.

எண் 19-ஐயும் என் பெயருக்கு மாற்றிவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஷெட்டுக்குப் போகவில்லை. கடைக்காரரிடம் போனேன். சொன்னேன். கடையில் நின்றிருந்த நாலு பேர் முன்னால் திட்டினார். சரியாகத்தான் திட்டினார்.

அக்டோபர் 8, புதன்

அங்கிருந்து போன் எதுவும் வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

அக்கா போன். குரலில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை.

“கல்லு ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னாரு. அதே சைஸாம். தட்டிப் பாத்து வாங்கச் சொன்னாரு. வெளிக் கேட்டு முன்னால வெச்சுட்டுப் போயிறச் சொன்னாரு. உள்ள வர வேண்டாமாம்.”

“நீங்க என்னங்க்கா சொல்றீங்க?”

“நானும் அதேதான் சொல்றேன்.” வைத்துவிட்டாள்.

அதே கடை. கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்லை எடுத்துப் போட்டார். ஆறு கல்லைத் தட்டிப் பார்த்தேன். பானை வாங்க வந்த மாதிரி தட்டுகிறானே என்று ஒருவர் சிரித்தார். ஐந்தாவது கல்லை எடுத்துக்கொண்டேன். காலுக்கு நடுவில், சாக்கில் சுற்றி, குழந்தையை வைக்கிற மாதிரி வைத்து ஓட்டிக்கொண்டு போனேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து அதன்மேல் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, எதிர்ப்பக்க வேப்பமரத்தடிக்கு வந்து நின்றுகொண்டேன். மச்சான் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார், நான் வாங்கிக் கொடுத்து அவர் தொடாமலே வைத்திருந்த அந்தக் கண்ணாடி. கையுறை இல்லை. பின்னால் ஷெட் கதவு திறந்திருந்தது. அவருடைய கிரைண்டரில் பழைய தகடு மாட்டியிருப்பது தெருவரைக்கும் தெரிந்தது.

என்னை அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி குனிந்து கல்லை எடுத்தார். நடுத் துளையில் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் தட்டினார். கணீரென்று கேட்டது. கொஞ்சம் திருப்பி மறுபடி தட்டினார். இன்னும் கொஞ்சம் திருப்பி மறுபடி. நான் தட்டி வாங்கியதை அவர் நம்பவில்லை. நம்பக் கூடாது. யார் தட்டிக் கொடுத்தாலும், மாட்டுகிறவன் தானே ஒரு தரம் தட்டிப் பார்க்க வேண்டும். பத்து விதிகளில் இதை எழுத நான் மறந்திருந்தேன்.

கல்லோடு உள்ளே போய்க் கேட்டைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் கிரைண்டர் ஓடியது. வாட்சைப் பார்த்தேன். ஒரு நிமிடம் முழுக்க வெறும் ஓட்டம்தான். அதற்குப் பிறகுதான் கத்தி கல்லில் படும் சத்தம் வந்தது.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். இன்று தவறு எதுவும் இல்லை.